மகரக்கட்டுக்குப் பிறகு யார் பாடுவது?

1730 ஆகஸ்டில் லைப்சிக் நகரசபைக்கு யோஹான் செபாஸ்டியன் பாக் எழுதிய மனுவை, இசைப்பள்ளி நடத்துகிற எவரும் ஒருமுறை படிக்க வேண்டும். தாம் இசை கற்பித்த புனித தாமஸ் பள்ளியின் விடுதி மாணவர்களைப் பெயர் சொல்லியே தரம் பிரிக்கிறார் அவர். பாடத் தகுந்தவர் 17, இன்னும் தேறாதவர் 20, தேறாதவர் என்றே ஒதுக்கப்பட்டவர் 17. இந்த 54 பேரைக் கொண்டுதான் நகரின் நான்கு ஆலயங்களுக்கும் பாடகர் அனுப்ப வேண்டும். ஒரு குழுவுக்கு 12 பேராவது வேண்டும், 16 இருந்தால் நல்லது என்பது அவர் கணக்கு. இசை விளங்காமல் ஞானப்பாட்டை மட்டும் ஒப்பேற்றுகிறவர்கள் புனித பேதுரு ஆலயத்துக்குப் போகிறார்கள் என்பதையும் மறைக்கவில்லை. அங்கே வழிபட வந்தவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது!

1212-இல் தொடங்கிய அந்தப் பள்ளியின் பாடகர் குழு இன்றும் விடுதியோடுதான் இயங்குகிறது. பள்ளிக்காலத்தில் வெள்ளி மாலை, சனி பிற்பகல், ஞாயிறு வழிபாடு என்று வாரந்தோறும் பாட்டு உண்டு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையன் சிறிது காலம் ஒதுங்கியிருந்து, கனத்த குரலோடு பின்வரிசைக்குத் திரும்புவான். அறையில் தன்னை மேய்க்கிற பெரிய பையனே குழுவிலும் கீழ்ஸ்தாயி பாடுவதால், சிறுவனுக்கு அவன் இன்னொரு வாத்தியார்.

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் வழி வேறு. ஆறாம் ஹென்றி 15-ஆம் நூற்றாண்டில் வகுத்த 16 சிறுவர் என்ற எண்ணிக்கை இன்றும் மாறவில்லை. 13 வயதளவில் அவர்கள் விடைபெற, ஆண்குரலுக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் வருகிறார்கள். கல்விப் பருவத்தில் அநேகமாகத் தினமும் வழிபாடு; நாளுக்கொரு பாட்டு. ஏட்டைப் பார்த்த மாத்திரத்தில் பாடத் தெரியாதவன் அங்கே தாக்குப்பிடிக்க முடியாது. 1918-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் வழிபாட்டின் முதல் தனிப்பாட்டுக்குச் சிலரைத் தயார் செய்துவிட்டு, வானொலி ஒலிபரப்பு தொடங்குகிற நேரத்தில்தான் ஒருவனைக் கைகாட்டுவார்கள். பயப்படவே நேரம் தராத நல்ல தந்திரம் அது.

வியன்னாவின் சிறுவர் பாடகர்கள் புரூக்னர், ஹைடன், மோட்சார்ட், ஷூபர்ட் பெயர்களில் நான்கு குழுவாகப் பிரிந்து, மாறி மாறி உலகம் சுற்றுகிறார்கள். மெருகில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வால்ட்ஸ் கேட்க வருகிற பார்வையாளருக்காகவே பயிற்சி வளைந்துவிடும் ஆபத்தும் இங்கேதான் அதிகம் என்பது என் எண்ணம். ஹைடனே அந்நகரப் பேராலயத்தில் சிறுவனாகப் பாடி, குரல் உடைந்ததும் வெளியேற்றப்பட்டவர்தான். நம் நாடக பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்கும் குரல் உடைகிற பயம் புதிதல்ல. குரல் உடைந்தவனையும் கைவிடாத இந்த ஒரு காரணத்துக்காகவே நான் லைப்சிக் பக்கம்.

பெண் பிள்ளைகளுக்கு வழி திறக்கத்தான் வெகுகாலம் பிடித்தது. 1991-இல் சால்ஸ்பரி பேராலயம் சிறுமியருக்குத் தனிக் குழு அமைத்தது. இங்கிலாந்தின் மற்றப் பேராலயங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. லைப்சிக் குழுவில் இன்றும் பையன்கள் மட்டும்தான்.