இசைத்தட்டில் ஏறாத இசை

பாட்டே இல்லாத திரையிசையைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? ஹாலிவுட் முதலாளிகளை வெகுகாலம் ஆட்டிவைத்த சந்தேகம் இது. 'தி ஜங்கிள் புக்' (1942) படத்துக்கு மிக்லோஷ் ரோஜா அமைத்த இசையை ஆர்சிஏ விக்டர் நிறுவனம் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகளாக வெளியிட்டபோதும், இசையை மட்டும் நம்பிக் கடைக்கு அனுப்பத் துணியவில்லை. படத்தின் நாயகனும் மைசூர் யானைப்பாகன் மகனுமான சாபு கதை சொல்ல, வாத்தியங்கள் பின்னால் ஒலித்தன.

1948-இல் எல்பி என்ற நீண்டநேர இசைத்தட்டு வந்து நிலைமையை மாற்றியது. விக்டர் யங்கின் 'அரவுண்ட் த வேர்ல்ட் இன் 80 டேஸ்' 1957-இல் பில்போர்டு பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அந்த வெற்றியைப் பார்க்க யங் உயிரோடு இல்லை. 'எக்ஸோடஸ்', 'டாக்டர் ஷிவாகோ' ஆகியவையும் பின்னர் அதே இடத்துக்கு வந்தன. ஆனால் வாங்கியவர்கள் தேடியது பெரும்பாலும் முணுமுணுக்கத் தோதான ஒரு தீம் மெட்டைத்தான்.

இதை இசையமைப்பாளர் ஹென்றி மான்சினியைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் இல்லை. 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்' (1961) படத்துக்காகப் பதிவான இசையை அவர் தட்டில் போடவில்லை. வீட்டில் கேட்பதற்கு இதமாக, ஆல்பத்துக்கென்றே மீண்டும் வாசிக்கவைத்தார். அது 12 வாரம் முதலிடத்தில் இருந்தது. படத்தில் ஒலித்த அசல் பதிவு குறுந்தகடாக வெளிவர 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விற்பனைக்கு உகந்த இசை, படத்துக்கு உகந்த இசையின் இடத்தைப் பிடித்துக்கொண்ட கதை இது. அந்த விற்பனை நெருக்கடி இசையமைக்கும் அறைக்குள்ளும் நுழைந்தது. 1966-இல் 'டார்ன் கர்ட்டன்' படத்துக்கு ஜனரஞ்சகமான இசை வேண்டுமென்று ஸ்டூடியோ அழுத்தம் கொடுக்க, இருண்ட, கனத்த இசையோடு வந்த பெர்னார்ட் ஹெர்மனை இயக்குநர் ஹிட்ச்காக் பதிவின் பாதியிலேயே விலக்கினார். 'சைக்கோ'வைத் தந்த கூட்டணி அங்கே முறிந்தது. திரையிசைக்கு அது பெரிய இழப்பு.

திரையிசைத் தட்டுகளின் மறுமலர்ச்சி பழைய இசையிலிருந்தே தொடங்கியது. 1972-இல் சார்லஸ் கெர்ஹார்ட், கோர்ன்கோல்டின் 'தி சீ ஹாக்' முதலிய படைப்புகளை லண்டனில் புதிதாகப் பதிவுசெய்து வெளியிட, பழைய ஹாலிவுட் இசைக்கு வாங்குவோர் இருப்பது தெரிந்தது. 1977-இல் ஜான் வில்லியம்ஸின் 'ஸ்டார் வார்ஸ்' இரட்டை எல்பியாக வந்து, முழுநீள ஆர்கெஸ்ட்ரா இசையைப் பட்டியலின் இரண்டாம் இடம்வரை கொண்டுசென்றது. ஆனாலும் தனிப்பாடல் பட்டியலில் முதலிடம் போனது அதே இசைக்கு மீகோ தந்த டிஸ்கோ வடிவத்துக்கே.

அதற்குப் பிறகும் ஏராளமான ஆல்பங்கள் அரைமணி நேரத்தில் முடிந்துபோனதற்குக் காரணம் கலையல்ல, கணக்கு. லாஸ் ஏஞ்சலிஸ் வாத்தியக்காரர்கள் படத்துக்காக வாசித்ததைத் தட்டில் விற்க வேண்டுமானால், சங்க ஒப்பந்தப்படி அவர்களுக்கு மீண்டும் ஊதியம் தர வேண்டும். எண்பது பேர் வாசித்த இசையென்றால் ஒவ்வொரு கூடுதல் நிமிடமும் செலவு. உழைத்தவருக்குக் கூலி கேட்டது நியாயமே. ஆனால் குறைவாக விற்கும் ஆல்பத்தால் அதைத் தாங்க முடியவில்லை. ஆலன் சில்வெஸ்ட்ரியின் 'பிரடேட்டர்' 1987-இல் வெற்றிபெற்ற படம். அதன் இசை 2003-இல்தான், அதுவும் 3,000 பிரதிகளாக, வரேஸ் சாராபாண்ட் நிறுவனம் வழியாக வெளிவந்தது.

இந்தச் சில ஆயிரம் பிரதிகள்தான் துறையின் உண்மையான முதுகெலும்பு. 1998-இல் 'டைட்டானிக்' 16 வாரம் முதலிடத்தில் நின்று அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது; ஆனால் அதில் ஜேம்ஸ் ஹார்னரின் இசையோடு செலின் டியோனின் பாட்டும் இருந்தது. பழைய படங்களின் மாஸ்டர் டேப்புகளைத் தேடி எடுத்துத் தூசு தட்டியவர்கள் ஃபிலிம் ஸ்கோர் மன்த்லி, இன்ட்ராடா போன்ற சிறிய வெளியீட்டாளர்கள். ஃபிலிம் ஸ்கோர் மன்த்லி மட்டும் ஏறத்தாழ 250 ஆல்பங்கள் கொண்டுவந்தது. எம்ஜிஎம் தன் இசை நூலகத்தின் ஸ்வரத்தாள்களைப் பயனற்றவை என்று பள்ளத்தில் கொட்டி மூடியதை நினைத்தால், இவர்கள் செய்த வேலையின் அருமை புரியும்.

இப்போது படம் வெளியாகும் வாரத்திலேயே, எழுபது எண்பது நிமிட இசை ஸ்பாட்டிஃபையில் ஏறிவிடுகிறது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய படமென்றால் நிலைமை வேறு. அதன் முழு இசையையும் கேட்க விரும்புகிறவர், லா-லா லேண்ட் போன்ற நிறுவனங்கள் சில ஆயிரம் பிரதிகளாக வெளியிடும் குறுந்தகடுகளையே இன்றும் நம்பியிருக்கிறார்.