குடல் நரம்புக்கலங்களின் இரசாயனக் குறியீடு: ஒரு மதிப்பீடு

1899இல் பெயிலிஸ், ஸ்ராலிங் ஆகியோர் நாயின் குடலை ஆராய்ந்து, தூண்டப்பட்ட இடத்துக்கு மேலே சுருக்கமும் கீழே தளர்வும் ஏற்படுவதைக் காட்டினர். புறநரம்புத் தொடர்புகள் அறுக்கப்பட்ட பின்னரும் இச்செயல் நிகழ்ந்தது. எனினும், குடற்சுவரிலுள்ள கலங்களுள் எவை சுருக்குவன, எவை தளர்த்துவன என்ற வினா நெடுங்காலம் விடையின்றியே இருந்தது.

அவுஸ்திரேலிய ஆய்வாளரான பேர்ணஸ், கொஸ்ரா ஆகியோர் 1987இல் வெளியிட்ட 'குடல் நரம்புத்தொகுதி' என்னும் நூலும் அதனையொட்டிய ஆய்வுகளும் இவ்வினாவுக்கு விடைகாண முற்பட்டன. பிறபொருளெதிரிகளின் துணையுடன் ஒவ்வொரு கலத்திலும் சேர்ந்திருக்கும் பொருள்கள் இனங்காணப்பட்டன. குறித்த தொழிலைச் செய்யும் கலத்துக்குக் குறித்த பொருட்சேர்க்கை உண்டு என்பதே 'இரசாயனக் குறியீடு' என்னும் கோட்பாடாகும். ஒன்றுபோலத் தோன்றிய கலக்கூட்டத்தினுள் ஓர் ஒழுங்கமைப்பை வெளிக்கொணர்ந்தமை இதன் பெருஞ்சாதனை என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயின், இக்குறியீடு பெரும்பாலும் கினிப்பன்றியின் சிறுகுடலிலிருந்தே பெறப்பட்டது. இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். கினிப்பன்றியின் தசையிடை நரம்புப் பின்னலில் கல்பைண்டின் என்னும் புரதம் புலன்கலங்களுட் பெரும்பாலானவற்றின் அடையாளமாக அமைகின்றது. சுண்டெலியிலோ அதே புரதம் வேறு கலங்களிலும் காணப்படுகின்றது. அங்கே புலன்கலங்களைக் காட்டுவது கல்சிற்றோனின் பரம்பரையலகுடன் தொடர்புடைய பெப்தைட்டாகும். இரண்டும் கொறிவிலங்குகளே, தொழிலும் ஒன்றே, அடையாளம் மட்டும் வேறு.

எனவே, இருவகைப் பொருள்களை நாம் வேறுபடுத்தல் வேண்டும். சுருக்கும் கலங்களின் அசற்றைல்கோலினும் தளர்த்தும் கலங்களின் நைத்திரிக் ஒட்சைட்டும் தொழிலை நேரடியாக நிகழ்த்துவன. அவை இனங்கள் பலவற்றிலும் நிலைத்துள்ளன. ஏனைய பல, ஆய்வாளனுக்கு அடையாளமாக உதவுவனவேயன்றித் தொழிலின் காரணங்களல்ல. இவ்வேறுபாட்டைப் பேர்ணஸ் பின்னாளில் தாமே எடுத்துக்காட்டியமை அவரது ஆய்வு நேர்மைக்குச் சான்றாகும். 'குறியீடு' என்ற சொல்லோ இவ்வேறுபாட்டை மறைத்து, அடையாளத்தையே சாரமாக மயங்க வைக்கின்றது.

இம்மயக்கம் வெறும் சொற்பிரச்சினையன்று. 2021இல் சுண்டெலியின் தசையிடைப் பின்னலிலுள்ள நரம்புக்கலங்கள், பரம்பரையலகு வெளிப்பாட்டின் அடிப்படையில் 12 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. கருவி நுண்மையடைந்துள்ளது, விலங்கு மாறியுள்ளது, பழைய அபாயமோ நீங்கவில்லை. கொறிவிலங்கின் பட்டியல் மனிதக் குடலின் பட்டியலாகக் கொள்ளப்படின், அதன் விலையைக் கொடுப்பவன் நோயாளியே. ஆதலின், பொருளின் பெயரிலிருந்தன்று, கலத்தின் வடிவம், தொடர்பு, தொழில் ஆகிய மூன்றையும் இணைத்து நோக்குவதிலிருந்தே வகைப்பாடு தொடங்குதல் வேண்டும் என்பது நமது துணிபு.