நான்கு சாயல்களில் ஒருத்தி

1986இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'மெட்ராய்டு' என்னும் வீடியோ கேமின் நாயகி, கடைசித் திரை வரும்வரை நாயகன்தான். உடல் முழுக்கக் கவசம், ஒரு கையில் பீரங்கி, பெயர் சேமஸ் அரன். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஆங்கிலக் கையேடு அந்தப் பாத்திரத்தை 'அவன்' என்றே சொன்னது. தமிழில் இதே ஒளிப்பைச் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு வினைமுற்றும் பொய் சொல்ல வேண்டும். இல்லையென்றால் 'அவர்' என்ற மரியாதைக்குப் பின்னால் பதுங்க வேண்டும்.

அவள் பெண் என்பது விளையாட்டை விரைவாக முடிப்பவர்களுக்குத்தான் தெரியவரும். ஓரளவு வேகமாக முடித்தால் தலைக்கவசம் கழன்று முகம் தெரியும். இன்னும் வேகமென்றால் கவசம் முழுவதும் போய் உடலை ஒட்டிய உடை. ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டால் பிகினி. கவசத்துக்குள் பெண்ணை வைத்த முன்னோடி என்று இதைக் கொண்டாடுவது வழக்கம். அது பாதி உண்மை. அந்தக் காலத்தின் பல விளையாட்டுகளில் பெண் என்றால் கோட்டையில் அடைபட்டு மீட்புக்குக் காத்திருப்பவள். அங்கே தனியாக ஒரு கோளில் இறங்கிப் போரிட்டவள் இவள்.

மறுபாதி, அந்த உண்மை எப்படிப் பரிமாறப்பட்டது என்பது. அத்தனை மணி நேரம் அவளாக இருந்து ஓடியவர், குதித்தவர், சுட்டவர் கடைசி நொடியில் அவளைப் பார்ப்பவராக மாற்றப்படுகிறார். திறமைக்கு உடல் கூலியாகிறது. பெண் பார்க்கப்படுபவளாகவும் ஆண் பார்ப்பவனாகவும் திரை பிரித்துவைத்திருப்பதை லாரா மல்வி 1975இல் சினிமாவை முன்வைத்து எழுதினார். பாதாதிகேசமாகவும் கேசாதிபாதமாகவும் பெண்ணுடலை வரிசைப்படுத்திப் பாடிய மரபைப் பாடமாகப் படித்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. இங்கே புதிதாகச் சேர்ந்தது கடிகாரம் மட்டும்.

சேமஸ் அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகளில் பல கருவிகளுக்குக் குடிபெயர்ந்தாள். சில, தொலைக்காட்சியுடன் இணைக்கும் வீட்டுக் கன்சோல்கள். சில, பையில் போட்டு எடுத்துச் செல்லும் கையடக்கக் கருவிகள். விளையாட்டுகளின் வளர்ச்சியைச் சொல்லும் வரலாறுகள் பெரும்பாலும் படிக்கட்டு வடிவில் இருக்கும்: நிறம் கூடியது, முப்பரிமாணம் வந்தது, குரல் வந்தது, முகத்தில் உணர்ச்சி வந்தது. அந்தப் படிக்கட்டில் கையடக்கக் கருவி எப்போதும் ஒரு படி கீழே நிற்கும் ஏழைத் தங்கை. சேமஸின் பயணத்தை அப்படி வாசிக்க முடியாது. அவளை ஒரு ஆளாக ஆக்கிய முடிவுகள் பலவும் வலுக்குறைந்த கருவிகளில் எடுக்கப்பட்டவை. அவளை அதிகமாகக் காட்டவும் பேசவைக்கவும் முடிந்த கருவியில்தான் அவள் மிகவும் சிறுத்துப்போனாள்.

தோள்கள்

1989இல் வந்த கேம் பாய் பெயரிலேயே பையனை வைத்திருந்தது. 160க்கு 144 பிக்சல் அளவுள்ள திரை, பச்சை படிந்த சாம்பலில் நான்கு சாயல்கள், நான்கு பேட்டரிகள். அதை உருவாக்கிய குன்பெய் யோகோய், பழகித் தேய்ந்த மலிவான தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்துவதையே கொள்கையாக வைத்திருந்தவர். முதல் 'மெட்ராய்டு' அவருடைய பிரிவில்தான் பிறந்தது. அதன் தொடர்ச்சியான 'மெட்ராய்டு 2: ரிட்டர்ன் ஆஃப் சேமஸ்' 1991இல் கேம் பாயில் வந்தது.

வடிவமைப்பாளர்களுக்கு ஒரு சின்னச் சிக்கல். முதல் விளையாட்டில் சேமஸ் வலுவான 'வாரியா' கவசத்தைப் பெறும்போது அதன் நிறம் மாறும். நிறமே இல்லாத திரையில் என்ன செய்வது? தோள்களைப் பெரிய உருண்டைகளாக்கினார்கள். நிறம் சொல்ல முடியாததை வடிவம் சொன்னது. 1994இல் நிறத்துக்குப் பஞ்சமில்லாத வீட்டுக் கன்சோலில் 'சூப்பர் மெட்ராய்டு' வந்தபோதும், பிறகு முப்பரிமாணத்துக்குப் போனபோதும் அந்தத் தோள்கள் கூடவே போயின. இன்று உலகம் முழுக்க அவளை அடையாளம் காட்டும் உருவம் ஒரு குறையிலிருந்து வந்தது. இடுப்பையும் மார்பையும் வரைந்து பெண்ணைக் குறிக்கும் துறையில், ஒரு பெண் பாத்திரத்தின் அடையாளம் அகன்ற தோள்களாக நிலைத்ததை நான் சிறிய செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே விளையாட்டில் இன்னொன்றும் நடந்தது. எஸ்.ஆர்.388 என்னும் கோளுக்குப் போய் மெட்ராய்டு என்ற உயிரினத்தைப் பூண்டோடு அழிக்க வேண்டும். இதுதான் அவளுக்கு இடப்பட்ட பணி. திரையின் மூலையில் ஓர் எண், 39இல் தொடங்கி ஒவ்வொரு கொலைக்கும் குறைகிறது. கடைசியில் அவற்றின் அரசியையும் கொன்றபின் ஒரு முட்டை. அது பொரிந்து வெளிவரும் குட்டி, முதலில் கண்ட சேமஸையே தாயாக எண்ணி ஒட்டிக்கொள்கிறது. அவள் அதைக் கொல்லவில்லை. இருவரும் மேலே ஏறுகிறார்கள். ஆயுதத்தால் உடைக்க முடியாத தடைகளைக் குட்டி தின்று வழி விடுகிறது. எதிரிகள் இல்லை. சில நிமிடங்கள் நடை மட்டுமே.

இங்கே வசனமோ முகபாவமோ கிடையாது. சின்னத்திரையைவிடச் சின்னதான அந்தத் திரையில் அவற்றுக்கு இடமும் இல்லை. ஆகவே அவள் ஏன் கொல்லவில்லை என்பது விளையாடுபவர் கையில் விடப்படுகிறது. தாய்மையாக இருக்கலாம். கொன்று சலித்ததாக இருக்கலாம். ஓர் இனத்தையே அழிக்கச் சொன்ன உத்தரவுக்கு வாய்திறக்காத மறுப்பாகவும் இருக்கலாம். பெண் காட்டும் கருணை எல்லாவற்றையும் தாய்மைக் கணக்கில் எழுதிவிடும் உலகத்தில், கணக்கு எழுதாமல் விட்ட இடம் இது. இந்த விளையாட்டின் முடிவிலும் வேகத்துக்குப் பரிசாக உடை குறையும் படங்கள் உண்டு. அதை மறைத்து இதைப் போற்ற நான் விரும்பவில்லை. ஒரே அட்டைக்குள் இரண்டும் இருந்தன.

இரண்டு 2002கள்

2002 நவம்பரில் அமெரிக்காவில் இரண்டு மெட்ராய்டு விளையாட்டுகள் ஒன்றாக வந்தன. வீட்டுக் கன்சோலான கேம்கியூபில் 'மெட்ராய்டு பிரைம்', கையடக்க கேம் பாய் அட்வான்ஸில் 'மெட்ராய்டு ஃபியூஷன்'. இரண்டையும் கேபிளால் இணைக்கவும் முடிந்தது.

வீட்டுக் கன்சோல் என்றாலே பெண்ணுக்குக் கேடு என்று நான் வாதிடவில்லை. அதற்குத் தடையாக நிற்பது 'பிரைம்'. டெக்சஸில் உள்ள ரெட்ரோ ஸ்டுடியோஸ் உருவாக்கிய இந்த விளையாட்டு, நம்மை அவளுடைய தலைக்கவசத்துக்குள் உட்காரவைத்தது. மழைத்துளி அவள் கண்ணாடியில் விழுகிறது. நீராவி படிகிறது. அருகில் ஏதேனும் வெடித்து ஒளி பாயும்போது கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு கணம் அவள் முகம் தெரிகிறது: அகன்ற கண்கள், உடனே மறைந்துவிடும். வெளியிலிருந்து யாரோ பார்க்கும் முகமல்ல இது. வேலைக்கு நடுவே ஒரு பெண் தற்செயலாகத் தானே காணும் தன் முகம். 1986இன் பரிசுப் படத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் மறுத்ததில்லை. தொழில்நுட்ப வலிமை அவளைக் காட்டச் செலவாகவில்லை, அவள் காண்பதைக் காட்டச் செலவானது.

'ஃபியூஷன்' வேறு வழியில் போகிறது. எக்ஸ் என்னும் ஒட்டுண்ணி தொற்றி அவள் சாகக் கிடக்கிறாள். கவசம் உடலோடு ஒட்டிப்போனதால் அறுத்து எடுக்கிறார்கள். அன்று அவள் கொல்லாமல் விட்ட குட்டியின் உயிரணுக்களிலிருந்து செய்த மருந்து அவளைப் பிழைக்கவைக்கிறது. அவளிடமிருந்து அகற்றிய கவசத்திலிருந்த ஒட்டுண்ணி அவளுடைய பழைய உருவத்தையே எடுத்து, முழு பலத்தோடு விண்நிலையத்தில் அவளை வேட்டையாடுகிறது. பலமிழந்தவள் தன் புகழ்பெற்ற பிம்பத்திடமிருந்து ஓடி ஒளிகிறாள். நோயோ பேறோ உடலை மாற்றியபின் 'முன்பிருந்த நீ' என்ற பிம்பத்தால் துரத்தப்படும் பெண்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தெரியாது. வழிநெடுக ஒரு கணினி அவளுக்கு உத்தரவிட்டுக்கொண்டே இருக்கிறது. ஒட்டுண்ணியை மேலிடம் ஆயுதமாக்க நினைப்பது தெரிந்ததும் அவள் உத்தரவை மீறுகிறாள். உள்ளங்கை அளவுத் திரையில், லிஃப்டில் போகும் நேரத்தில், சில வரி எழுத்துகளாக வரும் அவளுடைய தன்பேச்சு இந்த மீறலை நோக்கி நகர்கிறது.

கழன்ற கவசம்

2004இல் அதே கையடக்கக் கருவியில் வந்த 'ஜீரோ மிஷன்' முதல் விளையாட்டை மறுபடி சொன்னது. 1986இன் கதை முடியும் இடத்தில் இது முடியவில்லை. அவளுடைய கலம் சுட்டு வீழ்த்தப்படுகிறது. கவசமில்லாமல், மயக்கமூட்டும் சிறு துப்பாக்கியோடு எதிரிகளின் கப்பலுக்குள் தவழ்ந்தும் ஒளிந்தும் அவள் போக வேண்டும். அன்று பரிசாகக் காட்டப்பட்ட உடலுக்குள் இன்று நாம் இருக்கிறோம். அதன் அச்சம் நம் விரல்களில் இருக்கிறது. கவசமற்ற நிலை அவளுடைய இயல்பாகச் சொல்லப்படவில்லை, அவள் கடக்கும் ஒரு சூழலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த நீல உடை அங்கேயே நிற்கவில்லை. 2008இல் நின்டெண்டோவின் சண்டை விளையாட்டான 'ஸ்மாஷ் பிரதர்ஸ்' வரிசையில் அது தனிப் பாத்திரமானது. 2014இல் அதற்குக் குதிகால் உயர்ந்த காலணியும் சேர்ந்தது. அந்த விளையாட்டு கையடக்கக் கருவி, வீட்டுக் கன்சோல் இரண்டுக்கும் வந்தது. அங்கே இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

2010இல் வீ கன்சோலுக்கு வந்த 'அதர் எம்' சேமஸுக்கு முழுநீளக் குரலையும் திரைப்படம் போன்ற காட்சிகளையும் கொடுத்தது. வந்தபோதே கடும் விமர்சனத்துக்கும் உள்ளானது. தன்னிடம் ஏற்கெனவே உள்ள ஆயுதங்களை, முன்னாள் தளபதி ஆடம் அனுமதிக்கும்வரை அவள் பயன்படுத்துவதில்லை. தீக்கனல் பகுதியில் வெந்துகொண்டே ஓடுகிறாள். வெப்பத்தைத் தடுக்கும் வசதி அவள் கவசத்திலேயே இருக்கிறது. ஆண் குரல் ஒன்று அனுமதி சொன்னபின்தான் அது இயங்கும். கேம் பாய் பேசாமல் விட்ட அந்தக் குட்டி, இங்கே திரும்பத் திரும்ப 'குழந்தை' ஆகிறது. திறந்திருந்த பொருள் தாய்மை என்ற ஒற்றைச் சொல்லால் அடைக்கப்படுகிறது.

இதை எழுதியவர் யோஷியோ சகாமோட்டோ. 'சூப்பர் மெட்ராய்டு', 'ஃபியூஷன்', 'ஜீரோ மிஷன்' மூன்றையும் இயக்கியவரும் அவர்தான். ஆகவே தனிமனிதக் குற்றச்சாட்டு நம்மை வெகுதூரம் கொண்டுபோகாது. பேசவும் அழவும் முகம் காட்டவும் கருவி இடம்கொடுத்தபோது, பெண் மனம் என்றால் இன்னதுதான் என்று கலாச்சாரம் தயாராக வைத்திருந்த உரை அந்த இடத்தை நிரப்பியது. வெற்றிடம் இருந்தவரை அவள் யாராகவும் இருந்தாள்.

இது கருவியின் அளவைப் பற்றிய விதி இல்லை என்பதற்கு 2017 சாட்சி. கேம் பாய் விளையாட்டைக் கையடக்க 3டிஎஸ்ஸில் 'சேமஸ் ரிட்டர்ன்ஸ்' என்று மறு ஆக்கம் செய்தார்கள். கருவியும் கையடக்கம்தான், கதையும் அதேதான். ஆனால் குட்டியோடு மேலே ஏறும் அந்த அமைதிக்குப் பிறகு ரிட்லி என்ற பறக்கும் எதிரி வந்து இறங்குகிறது. குட்டியும் சண்டையில் சேர்கிறது. உச்சக்கட்டம் இல்லாத முடிவைத் தாங்க முடியவில்லை போலும். கொல்வதை நிறுத்தியவள் மறுபடி சுட வேண்டியதாயிற்று.

2017இலேயே வந்த ஸ்விட்ச் கையிலும் இருக்கும், தொலைக்காட்சியிலும் பொருந்தும். ஏழைத் தங்கை, பணக்கார அக்கா என்ற பிரிவினை அதோடு பெரும்பாலும் முடிந்தது. அதில் 2021இல் வந்த 'மெட்ராய்டு டிரெட்' சேமஸைத் திரும்பவும் மௌனமாக்கியது. அவள் பேசுவது ஒரே ஒரு முறை, தன்னை வளர்த்த சோஸோ இனத்தின் மொழியில். தன் மரபணு அவளுக்குள் இருப்பதால் தானே ஒருவகையில் தந்தை என்று உரிமை கொண்டாடும் தலைவனை அவள் இறுதியில் வீழ்த்துகிறாள். அப்போது அவளுக்குள் விழித்திருப்பது அந்தக் குட்டியிடமிருந்து வந்த இயல்பு. இந்த மௌனம் 1986இன் மௌனம் இல்லை. அது அவளை ஒளித்துவைக்க. இது அவள் தேர்ந்துகொண்டது.

பெண் எவ்வளவு தெரிகிறாள் என்பதை வைத்தே முன்னேற்றத்தை அளக்கப் பழகியிருக்கிறோம்: அட்டைப்படத்தில் எத்தனை பெண்கள், திரையில் எத்தனை நிமிடங்கள், எத்தனை வசனம். தெரியாமலேயே வைக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கணக்கு தேவைதான். அதற்கு மேல் கேட்க வேண்டிய கேள்விகளைத் தருவது சேமஸின் பயணம். அவள் கவசத்தை யார் சொல்லிக் கழற்றுகிறாள்? அவள் செய்ததற்குப் பெயர் வைப்பது யார்? அவள் கண்ணால் நாம் எதைப் பார்க்கிறோம்? வகுப்பறையில் சினிமாவுக்கும் நாவலுக்கும் கேட்கும் இந்தக் கேள்விகளை, மாணவிகள் தினமும் கையில் வைத்து விளையாடும் திரைகளிடமும் கேட்கத் தொடங்கலாம்.