துளையட்டை எனும் ஆசான்

கணினி கற்ற முதல் தலைமுறை மாணவர்களுக்கு வாய்த்த நல்ல ஆசான் துளையட்டைதான் என்பேன். நிரலின் வரிக்கு ஓர் அட்டை, அதில் 80 நெடுவரிசைகள். ஃபோர்ட்ரான் நிரல்மொழியின் கட்டளை 7 முதல் 72 வரையிலான நெடுவரிசைகளுக்குள் அடங்கவேண்டியிருந்தது. கடைசி எட்டில் வரிசை எண் இடலாம். அட்டைக்கட்டின் மேல்விளிம்பில் பேனாவால் ஒரு சாய்கோடும் இழுத்துவைப்பார்கள். கைதவறிச் சிதறிய கட்டை மறுபடி அடுக்கும்போது, இடம் மாறிய அட்டையை அந்தக் கோடே காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை எளிய, எத்தனை அழகான உத்தி!

ஒரு காற்புள்ளி பிசகினாலும், பல கணினி மையங்களில் அது தெரியவர மறுநாள் ஆகிவிடும். வீண் காத்திருப்பு என்பார்கள்; நேரம் போனது உண்மைதான். ஆனால் அந்தத் தாமதம்தான், அட்டைக்கட்டை மையத்தில் கொடுக்குமுன் நிரலை வரிவரியாகத் தாளிலேயே ஓட்டிப் பார்க்க வைத்தது. நிரல் கற்பிப்பவர்களே, வாரம் ஒரு பயிற்சியையாவது தாளில் எழுதவையுங்கள்.