முதுமையின் சார்பு யார் படைத்தது?
பீட்டர் டவுன்சென்டின் ஆய்வுகள்: ஒரு மதிப்பீடு

முதுமை என்றதும் தளர்ந்த உடலும் பிறர் கையை எதிர்நோக்கும் வாழ்வுமே நம் நினைவுக்கு வருகின்றன. பிறரைச் சார்ந்து வாழ்வது வயதின் இயல்பு என்று கொள்கிறோம். அந்தச் சார்பின் பெரும்பகுதி உடலிலிருந்து பிறப்பதன்று. சட்டமும் ஓய்வூதிய விதியும் இல்லங்களின் நிர்வாக முறையும் சேர்ந்து உருவாக்கியது என வாதிட்டவர் பிரிட்டிஷ் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் (1928–2009). எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையை நிறுவியவர். பின்னர் பிரிஸ்டலிலும் லண்டன் பொருளியல் கல்லூரியிலும் பணியாற்றியவர். வறுமை ஆய்வாளராகவே பெரிதும் அறியப்படும் அவர், முதியோரைப் பற்றி எழுதியவற்றை இங்கே எடைபோட முயல்கிறோம்.

அவருடைய முதல் நூலான ‘முதியோரின் குடும்ப வாழ்க்கை’ 1957இல் வெளிவந்தது. கிழக்கு லண்டனின் உழைக்கும் மக்கள் பகுதியான பெத்னல் கிரீனில், ஓய்வூதிய வயதை எட்டிய 203 பேரைச் சந்தித்து எழுதிய நூல் அது. மக்கள் நல அரசு வந்தபின் பிள்ளைகள் பெற்றோரைக் கைவிட்டுவிட்டனர் என்பது அன்று பலருடைய எண்ணம். டவுன்சென்ட் கண்டதோ வேறு. பிள்ளைகள் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தனர். மகள் தாய்க்குக் கடைக்குப் போய்வந்தாள். தாய் பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். முதியவர்கள் பெறுபவர்களாக மட்டும் இல்லை, தருபவர்களாகவும் இருந்தனர். இல்லங்களுக்குச் சென்றவர்களில் மணமாகாதோரும் பிள்ளையற்றோரும், குறிப்பாக மகள் இல்லாதோரும், மிகுந்திருந்தனர். தனித்திருப்பது வேறு, அன்புக்குரியவரை இழந்து வெறுமையில் நிற்பது வேறு என்று அந்நூல் செய்த பாகுபாடு இன்றும் பயனுடையது. பலர் சூழ இருப்பவரும் அந்த வெறுமையில் வாடக்கூடும்.

ஆயினும் இந்நூலை இன்று வாசிக்கும்போது ஓர் இடைவெளி புலப்படுகிறது. அங்கே காணப்படும் குடும்பம் பெரும்பாலும் தாயும் மகளும் பேரக்குழந்தையுமாகிய பெண்களின் குடும்பம். பராமரிப்போரின் களைப்பை டவுன்சென்ட் கவனிக்காமல் இல்லை. அரசின் சேவைகள் குடும்பத்துக்குத் துணையாக வேண்டும் என்றும் எழுதினார். ஆனால் மகளின் பணி நூலில் பாசத்தின் வெளிப்பாடாகவே பெரிதும் நிற்கிறது. கூலியற்ற உழைப்பு என்ற கணக்கில் அது வரவில்லை. அந்தக் கணக்கைப் பின்வந்த பெண் ஆய்வாளர்களே எழுதினர். ஜேனட் ஃபிஞ்சும் டல்சி குரோவ்ஸும் 1983இல் தொகுத்த ‘அன்பின் உழைப்பு’ என்ற நூல் அவ்வகையில் முக்கியமானது.

இரண்டாவது நூல் 1962இல் வெளியான ‘கடைசிப் புகலிடம்’. 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் பழைய ஏழையர் விடுதிகளின் காலத்தை முடித்துவைக்கும் என்றும், இனி முதியோர் இல்லத்தில் தங்குவது விடுதி விருந்தினராகத் தங்குவது போல் இருக்கும் என்றும் அமைச்சர் அனைரின் பெவன் உறுதியளித்திருந்தார். அந்த வாக்குறுதி என்னவாயிற்று என்று பார்க்க டவுன்சென்ட் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 இல்லங்களை நேரில் ஆராய்ந்தார். ஓர் இல்லத்தில் முதியோரைக் குளிப்பாட்டும் உதவியாளராகவும் சில நாள் பணிபுரிந்தார். பெயர்ப்பலகை மாறியும் பல இடங்களில் அதே கட்டடங்கள், அதே நெருக்கமான படுக்கைக் கூடங்கள். தனக்கென ஓர் அலமாரியோ, தனக்கே உரிய உடையோ இல்லாத வாழ்வு. அங்கிருந்த பலர் உடல் நிலையால் அங்கு வந்தவர்கள் அல்லர். வீடும் உறவும் பணமும் இல்லாமையால் வந்தவர்கள். சிறிய தனி வீடுகளும் வீட்டுக்கு வரும் உதவியும் இருந்தால் இத்தகைய இல்லங்களே வேண்டியதில்லை என்பது அவர் முடிவு. முதுமையியல் எழுத்தில் இவ்வளவு உறுதியான கள ஆதாரம் கொண்ட நூல்கள் மிகக் குறைவு.

இந்த இரு ஆய்வுகளின் கனிந்த முடிவே 1981இல் அவர் எழுதிய கட்டுரை. ‘கட்டமைக்கப்பட்ட சார்பு’ என்ற கருத்தை அது முன்வைத்தது. குறித்த வயதில் வேலையிலிருந்து விலக்குவது, குறைந்த வருமானத்தை முதுமைக்கு ஏற்றதென நியாயப்படுத்துவது, இல்லங்களில் தன்னுரிமையை மறுப்பது, சமூகச் சேவைகளில் முதியவரை வெறுமனே பெறுபவராக நடத்துவது ஆகிய நான்கும் சேர்ந்தே முதியவரைச் சார்ந்தவராக்குகின்றன என்றார். முதுமையை நோயாகவே பார்த்த பார்வைக்கு இது வலுவான மறுப்பு.

ஆனால் அக்கட்டுரையில் நமக்கு இரண்டு குறைகள் தென்படுகின்றன. முதலாவது, ஓய்வு அதில் பெரும்பாலும் தளையாகவே தெரிகிறது. உடலை வருத்தி உழைத்தவருக்கு அது நெடுநாள் காத்திருந்த விடுதலையாகவும் இருக்கலாம். பின்வந்த வரலாறு இதை உணர்த்தியது. பிரிட்டனில் 65 வயதில் வேலையிலிருந்து விலக்கும் விதி 2011இல் நீங்கியது. அதே காலத்தில் அரசு ஓய்வூதிய வயதும் உயர்த்தப்பட்டது. 60 வயதில் ஓய்வூதியம் பெற்றுவந்த பெண்களுக்கு 2018இல் 65 ஆகி, 2020இல் இருபாலருக்கும் 66 ஆயிற்று. முதியவரும் உழைக்க வல்லவர் என்ற வாதம், அவர் உழைத்தே ஆகவேண்டும் என்ற விதிக்கு எளிதில் துணைபோகக்கூடும். இரண்டாவது, அவர் கண் அரசின் நிறுவனங்களின் மீதே பதிந்திருந்தது. சந்தையின் வருகையை அக்கட்டுரை போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை. 1980களில் தனியார் இல்லங்கள் பெருகின. 2011இல் நாட்டின் மிகப் பெரிய இல்ல நிறுவனமான சதர்ன் கிராஸ் வாடகை கட்ட இயலாமல் சரிந்தபோது ஏறத்தாழ 31,000 முதியோர் கதி தெரியாமல் தவித்தனர்.

இவ்விடத்தில் பெத்னல் கிரீனுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. டவுன்சென்ட் நடந்த அதே தெருக்களில் பின்னர் வங்காளதேச முஸ்லிம்கள் குடியேறினர். கிறிஸ் ஃபிலிப்சனும் குழுவினரும் அப்பகுதியை மீண்டும் ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட நூலில், பெரிய கூட்டுக் குடும்பங்களாக வாழும் முதியோராக அவர்களே தெரிகின்றனர். இவர்களைப் பற்றி அங்கே நெடுங்காலமாக வழங்கும் கூற்று ஒன்றுண்டு: தங்கள் முதியோரைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது. கேட்பதற்குப் புகழ்ச்சி. நடைமுறையில், சேவைகள் அவ்வீடுகளின் கதவைத் தட்டாமலிருக்க அதுவே சாக்காகிவிடுகிறது. சுமை மருமகளின் தோளில் தங்கிவிடுகிறது. நம் சமுதாயத்தில் முதியோர் இல்லங்கள் குறைவு என்று நாம் பெருமிதம் கொள்ளும்போதும், அந்தப் பெருமிதத்தின் செலவை யார் சுமக்கிறார் என்று கேட்க டவுன்சென்டின் வாசிப்பு நம்மைக் கடமைப்படுத்துகிறது.

பெற்றோரைப் பேணுவது மார்க்கம் நம்மீது விதித்த கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் அக்கடமை குடும்பத்தின் வாசலோடு முடிவதில்லை. அப்பாசியர் காலத்து நீதிபதி அபூ யூஸுஃப் தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் ஒரு நிகழ்வைப் பதிவு செய்கிறார். வாசலில் இரந்து நின்ற முதிய யூதர் ஒருவரைக் கலீஃபா உமர் (ரலி) காண்கிறார். வயதும் வறுமையும் ஜிஸ்யா வரியுமே அவரை அங்கு நிறுத்தின என்று அறிகிறார். அவரிடமும் அவரைப் போன்றோரிடமும் வரி தண்டுவதை நீக்கி, பைத்துல்மாலிலிருந்து உதவ ஆணையிடுகிறார். இளமையின் உழைப்பில் பங்கு பெற்றுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்பதே அவர் சொன்ன காரணம். அம்முதியவரின் பிள்ளைகள் எங்கே என்ற கேள்வி அப்பதிவில் எழவே இல்லை. பொறுப்பு பொது நிதியின்மீது வைக்கப்பட்டது.

டவுன்சென்டின் வாதத்தில் திருத்த வேண்டியவை உண்டு. ஆனால் முதியவரின் இயலாமையைக் காணும்போது அதில் வயது செய்தது எவ்வளவு, நாம் செய்தது எவ்வளவு என்று பிரித்தறியும் பழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். நம் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் முதியோருக்காகத் திட்டமிடும்போது அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.