பாலையும் செம்மண் விடரும்: சிறுபாணாற்றுப்படையின் வழிநிலம் குறித்து ஓர் ஆராய்ச்சி

பாலைக்கு நிலம் உண்டா என்பது தமிழாராய்ச்சியில் பழைய வினா. தொல்காப்பியர் நடுவணதாகிய திணையை ஒழித்து ஏனைய நான்கிற்கே நிலம் பகுத்தார். பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதாகக் கூறிப் பின்பனியும் அதற்கு உரியதென்றார். இளங்கோவடிகள் காடுகாண் காதையில் ஒருபடி மேற்சென்று, ஞாயிற்றின் வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் வளங்குன்றி மாறும் நிலையே பாலை என விளக்கினார். இவ்விரண்டையும் இணைத்துத் தமிழகத்தில் நிலையான பாலைவனம் இல்லை, பாலை ஒரு பருவமே என்று முடிப்பார் ஒரு சாரார். மற்றொரு சாரார், வறண்ட நிலம் எதனைக் கண்டாலும் அதுவே சங்கப் பாலை எனச் சுட்டி மகிழ்வர். இக்கட்டுரை பெரிதும் இரண்டாம் சாராரை நோக்கியது. அவருள் யாமும் ஒருவராக இருந்தோம் என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் முறை.

புதுவையிலிருந்து வடக்கும் வடமேற்குமாகச் செல்வோர் செம்மண் மேடு ஒன்றைக் காண்பர். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 50 மீட்டர் உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கிச் சரியும் மேட்டுநிலம் அது. நிலநூலார் கடலூர் மணற்கல் என்று பெயரிட்ட பாறைப் படிவம் இதன் அடியில் உள்ளது. பொம்மையார்பாளையத்தை ஒட்டிய சரிவுகளில் இம்மண்ணை நீர் அறுத்து ஆழ்ந்த விடர்களாக்கியிருக்கிறது. செங்குத்தான சுவர், உள்ளே வளைந்து செல்லும் ஒடுங்கிய வழி, இடையிடையே தனித்து நிற்கும் மண்தூண் என இவற்றைப் படத்திற் காண்போர் அமெரிக்க நாட்டின் பாலைப் பள்ளத்தாக்கு என்றே மயங்குவர். யாமும் பல ஆண்டுகள் இப்படங்களை வகுப்பிற் காட்டி, ‘சிறுபாணாற்றுப்படையின் பாலை இதுவே’ என்று கூறிவந்தோம். ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நூல் அது. அவனது கிடங்கில் இற்றைத் திண்டிவனத்தின் பகுதி. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்பர் ஆராய்ச்சியாளர். புலவர் நத்தத்தனார் இடைக்கழி நாட்டு நல்லூரினர். இவ்வூர்கள் யாவும் புதுவைக்கு வடக்கே அணித்தே உள்ளன. ஆதலின் எம் கூற்று பொருத்தமாகவே தோன்றியது. அது பொருந்தாது என்பதை யாம் உணர்ந்தது ஏட்டை விட்டு நிலத்தில் இறங்கிய பின்னரே.

சென்ற பங்குனியில் முதுகலை மாணவர் சிலருடன் இரண்டு கார்களில் இம்மேட்டைச் சுற்றிவந்தோம். முதல் அரைநாளில் நாங்கள் கண்டது மிகக் குறைவு. காரில் அமர்ந்து நோக்குவார்க்கு இச்செம்மேடு சமநிலமாகவே தோன்றும். விடர்கள் கண்மட்டத்திற்குக் கீழே இருத்தலால், சாலைக்கு நூறடி தொலைவில் இரண்டு மூன்று ஆள் ஆழத்திற்கு நிலம் பிளந்து கிடப்பினும் காரில் இருப்பவன் அறியான். மலையைத் தொலைவிலிருந்தே காணலாம். விடரையோ அதன் விளிம்பில் நின்றால்தான் காண முடியும். வண்டியை நிறுத்தி நடக்கத் தொடங்கிய பின்னரே சங்கச் சொற்கள் சிலவற்றின் பொருள் எமக்கு விளங்கிற்று. முரம்பு என்பதற்கு உரைகளும் அகராதிகளும் பருக்கைக்கல் மேடு எனப் பொருள் தருகின்றன. மழை மென்மண்ணைக் கழுவிச் செல்ல, கழுவ இயலாத பரல் மட்டும் மேற்பரப்பில் எஞ்சிச் செறிந்து கிடக்கும் நிலமே முரம்பு என்பதைக் காலடியிற் கண்டோம். பரலும் முரம்பும் வேறுவேறு அல்ல. ஒன்று பொருள், மற்றது அதனாலாகிய இடம். கவலை என்னும் கிளைவழிச் சொல்லும் அத்தகையதே. மேலே ஒன்றாய்த் தொடங்கும் தடம் விடரின் வாயில் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிகிறது. எது வெளியேறும் வழி, எது முட்டி நிற்கும் என்பது நடந்தாலன்றித் தெரியாது. மாணவர் இருவர் வழிதவறி, நாங்கள் எழுப்பிய குரலைக் கொண்டே மீண்டனர். அகப்பாட்டுத் தாயரும் தலைவியரும் கவலையை ஏன் அஞ்சினர் என்பதற்கு அதன்பின் விளக்கம் வேண்டாதாயிற்று.

இம்மட்டில் எம் பழைய கருத்து வலுப்பெற்றது போலத் தோன்றலாம். ஆனால் உச்சிவேளையில் விடர்ச்சுவரின் நிழலில் அமர்ந்து சிறுபாணாற்றுப்படையின் தொடக்கத்தை மீண்டும் படித்தபோது கருத்து முறிந்தது. அப்பகுதியில் விடர் இல்லை. பிளந்த நிலமோ ஒடுங்கிய பள்ளமோ செம்மண்ணோ இல்லை. நிலத்தை ஒரு மடந்தையாகக் கண்டு, மலையை அவள் தோளாகவும், அம்மலையினின்று அசைந்து இறங்கும் காட்டாற்றை அவள் பூண்ட மாலையாகவும் கூறித் தொடங்குகிறார் புலவர். ஆற்றங்கரையில் பொழில் இருக்கிறது. குயில் குடைந்து உதிர்த்த பூ இருக்கிறது. பெண்ணின் விரித்த கூந்தல் போன்ற கருநிற நுண்மணல் இருக்கிறது. அம்மணல் வேனிற் கதிரால் காய்ந்திருக்கிறது. வெயிலேறிய பரல் நடப்போரின் அடியைக் கிழிக்கிறது. அவர் மரா மரத்தின் நிழலில் இளைப்பாறுகின்றனர். ஆறும் பொழிலும் குயிலும் உள்ள நிலம், தன் வேனிற்காலத்துப் பகற்பொழுதில் பாலையாய் நிற்கிறது. இது வளமற்ற நிலம் அன்று; வளமுடைய நிலத்தின் ஒரு வேளை.

வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது ஆற்றையும் பொழிலையும் அடைமொழி என்று விரைந்து கடந்து, பரலிலும் வெயிலிலும் வந்து நின்றுவிடுகிறோம். பாலை எனின் வறட்சி என்று முன்பே முடிவு செய்துகொண்டமையால், செய்யுளின் முற்பகுதி எம் கண்ணிற் படவில்லை. காரில் சென்று விடரைக் காணாமை எத்தகையதோ அத்தகையதே இதுவும்.

மேலும் ஒன்று. பாணன் எதிர்ப்படும் அப்பாலை வழி எங்குள்ளது என்று நூல் கூறவில்லை. மூவேந்தர் நகரங்களாகிய வஞ்சி, மதுரை, உறந்தை ஆகியவற்றின் வளமும் இவன் கொடைக்கு முன் சிறிதென்று கூறி, கடையெழு வள்ளல்களையும் எண்ணி முடித்த பின்னரே, எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என வழி சொல்லத் தொடங்குகிறது. எயிற்பட்டினத்து நெய்தல் மக்கள் தேறலும் சுட்ட குழல்மீனும் தருவர். வேலூரில் எயிற்றியர் புளியிட்ட சுடுசோறு தருவர். ஆமூரில் உழவர் மகளிர் வெண்சோற்றை நண்டுக் கலவையொடு அளிப்பர். ஓய்மானாட்டின் நிலங்களைப் புலவர் உணவால் அடையாளங் காட்டினார். பாலைக்கு மட்டும் உணவும் இல்லை, ஊர்ப்பெயரும் இல்லை. பெயரிடாத ஒன்றைப் புதுவைச் செம்மேட்டோடு பொருத்திக் காட்டியது எம் விருப்பமே அன்றி நூலின் சான்று அன்று.

இனி விடர் எவ்வாறு தோன்றிற்று என்பதை நோக்குவோம். புதுவையில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. 250 மில்லிமீட்டருக்குக் குறைந்த மழையுடைய நிலத்தையே புவியியலார் பொதுவாகப் பாலைவனம் என்பர். ஆக, பாலை எனச் சுட்டப்படும் இவ்விடர்கள் பாலைவனத்தைப் போல் நான்கு ஐந்து மடங்கு மழை பெறும் நிலத்தில் உள்ளன. இவற்றை அறுத்தது வெயில் அன்று. ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் வடகிழக்குப் பருவமழை. பொழுதுப் பாகுபாட்டின்படி அது கூதிர். கூதிரோ குறிஞ்சிக்கு உரியது. பாலை என்று யாம் படம்பிடித்துக் காட்டிய பள்ளங்களைத் தோண்டியது குறிஞ்சியின் பொழுது! கொலராடோ ஆறு 446 கிலோமீட்டர் நீளத்திற்கு அறுத்த பெரும்பள்ளத்தாக்கின் நிலையும் இதற்கு மாறன்று. ஆங்கும் அறுத்தது நீரே. மண்ணையும் மரத்தையும் கொண்டு அதனை மூடாமல் வெறும் பாறையாய் வைத்திருப்பது மட்டுமே வறட்சியின் தொழில்.

அவ்வாறாயின் புதுவையின் செம்மண்ணை மழை ஏன் இத்துணைக் கொடுமையாக அறுத்தது? இதற்கு விடை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சிறிது தொலைவிலுள்ள புத்துப்பட்டில் இருக்கிறது. அவ்வூர் மஞ்சனீசுவரர் ஐயனார் கோயிற்காடு, சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம். மழை அதே மழை. வேறுபாடு ஒன்றே: ஐயனாருக்கு அஞ்சி அங்கே மரத்தை வெட்டவில்லை. உள்ளே நுழைந்தால் நண்பகலிலும் இருள். தரையில் சருகு மெத்தை. அறுபட்ட பள்ளம் ஒன்றும் எம் கண்ணிற் படவில்லை. இவ்வகைக் காட்டிற்கு உரிய மரங்களுள் இரண்டு தமிழ் மாணவர்க்குப் பெயரளவில் நன்கு தெரிந்தவை. ஒன்று காயா, முல்லைத் திணையின் பூ. மற்றொன்று மக்கள் பாலை என்றே அழைக்கும் மரம். கடுங்கோடையிலும் இலை உதிராதது. திணைக்குப் பெயர் தந்த பாலை இதுவோ வெட்பாலையோ என்னும் வழக்கில் ஈண்டு நுழையவில்லை. காயாவும் பாலையும் ஒரே காட்டில் தோள் உரசி வளர்வன என்பதே யாம் கருதத்தக்கது. இந்தியவியலையும் செடிநூலையும் ஒரே கூரையின்கீழ் வைத்து 1955 முதல் ஆய்ந்துவரும் பிரெஞ்சு நிறுவனம் உள்ள ஊரில் வாழ்ந்தும், திணைநூலைச் செடிநூலோடு வைத்துப் படிக்க எமக்கு இத்துணைக் காலம் ஆயிற்று.

எனவே செம்மேடு பாலை ஆனதன்று, ஆக்கப்பட்டது. காடு அழிந்தது, கூதிர் மழை மறைப்பின்றி மண்ணில் விழுந்தது, விடர் பிறந்தது. இளங்கோவடிகள் கூறிய காரணம் வெம்மை. யாம் கண்ட காரணம் கோடரியும் நீரும். காரணத்தில் அவர் கூற்று இந்நிலத்திற்குப் பொருந்தாது. ஆயினும் பாலை தனித்த ஒரு நிலமன்று, வேறு நிலம் திரிந்த நிலை என்று அவர் கண்ட அமைப்பு முற்றும் பொருந்துகிறது. திரிந்தது மீளவும் கூடும். 1968இல் ஆரோவில் தோன்றிய பின்னர் இம்மேட்டில் வரப்பு எடுத்து மழைநீரைத் தேக்கி மரம் நட்டனர். இன்று அப்பகுதியிற் பெரும்பரப்பு காடாய் நிற்கிறது. எம் பழைய படங்களிற் கண்ட பள்ளங்கள் சிலவற்றை இப்போது தழை மூடிவிட்டமையால் தேடியும் காண இயலவில்லை. பிரிவு பாலையின் உரிப்பொருளாக அமைந்ததற்கு இதனையும் ஒரு காரணமாகக் கருதலாம் என்பது எம் கருத்து. பிரிவு என்பது முன்பு கூடியிருந்தோர்க்கே உண்டு. மீண்டும் கூடுதலும் அதனுள் அடங்கியது. இயல்பாகவே வறண்ட நிலம் பிரிவுக்கு ஏற்ற களம் ஆகாது. முன்பு பசுமையாக இருந்து, இன்று அதனை இழந்து, நாளை பெறக்கூடிய நிலமே ஏற்றது. சிறுபாணாற்றுப்படையின் பாலையில் ஆறும் பொழிலும் இருப்பதன் நயமும் இதுவே.

இக்கருத்தை எம் மாணவி ஒருவர் மறுத்தார். பின்பனியையும் பாலைக்கு உரியதாக்கிய தொல்காப்பியர்க்கு நிலத்தின் திரிபு நோக்கமாக இருந்திருக்க இயலாது. பின்பனியில் மரம் வாடினும் நிலம் வேகாது. ஆகவே உரிப்பொருளே முதல், நிலம் பின்னர் வந்து ஒட்டியது என்பது அவர் வாதம். வலிய வாதமே. இலக்கணத்தின் அளவில் அதனை ஏற்கிறோம். எம் கூற்று புலவர் செய்யுள் செய்யும் முறையைப் பற்றியது. இலக்கணியர் பகுப்பைப் பற்றியது அன்று.

விடர் இல்லை என்று மேலே கூறினோம். ஆனால் ஒரு சொல்லை விட்டுவிட்டோம். காட்டாற்றின் கரையைப் புலவர் ‘கொல்கரை’ என்கிறார். நீர் இடித்து அழிக்கும் கரை என யாம் பொருள் கொள்வோம். ஆறு கரையைக் கொல்லுகிறது. அக்கரையில் பொழில் பூத்து நிற்கிறது. நிலத்தை நீர் அறுப்பதைப் பாலையின் தொடக்கத்திலேயே ஒரு சொல்லால் குறித்துவிட்டுப் புலவர் மேலே செல்கிறார். படங்களைக் கொண்டு யாம் தேடிய விடர் நூலில் இருந்தது. பாலையின் அடையாளமாக அன்று, ஆற்றின் தொழிலாக.

மறுநாள் திருவக்கரைக்குச் சென்றோம். சம்பந்தர் பாடல் பெற்ற தலம். அருகே சங்கராபரணி ஓடுகிறது. ஊருக்கு வெளியே, அதே கடலூர் மணற்கல்லில், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சொன்னரா என்னும் பிரெஞ்சு நாட்டு இயற்கைநூலார் இவற்றைக் கண்டெழுதினார். கிளையும் வேரும் இன்றி அடிமரமாக மட்டும் இவை கிடத்தலால், வேறிடத்து வளர்ந்து வெள்ளத்தால் அடித்துவரப்பட்டுப் புதைந்தவை என்பர் நிலநூலார். ஆண்டுவளையம் கல்லிலும் தெளிவாகத் தெரிகிறது. இங்கே இலக்கியச் சான்று தேட எவரும் முயலவில்லை. எம் மாணவர் அவ்வளவு கற்றுவிட்டனர்.

நண்பகலாயிற்று. கல்மரங்களுக்கு இடையே இலை உதிர்த்த மரம் ஒன்றன் கீழ் அமர்ந்தோம். சிறுபாணாற்றுப்படையில் மராவின் நிழலுக்கு ‘வரி’ என்னும் அடை உண்டு. கோடு கோடாக வீழும் நிழல் என்று உரை சொல்லி வந்திருக்கிறோம். அன்று அவ்வரிகளுக்கு ஏற்ப உடலைக் குறுக்கியும் நீட்டியும் அமர்ந்தோம். ஞாயிறு சாயச் சாய ஒரு நாழிகைக்குள் மும்முறை இடம் மாற நேர்ந்தது. கார்கள் சாலையோரத்தில், கதவைத் தொட இயலாத வெம்மையில் நின்றன.