வாக்கின் எடையும் நூலின் வெப்பமும்

நெய்வேலிச் சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரியை எடைபோட்டு மட்டும் தரம் சொல்லிவிட முடியாது. எடையில் ஏறத்தாழப் பாதி நீர். எரித்து வெப்பத்தை அளந்தால்தான் தரம் விளங்கும். வாசகர் வாக்கால் கிடைக்கும் இலக்கிய விருதும் அத்தகையதே. வாக்கு என்பது எடை; அதில் வெப்பம் எவ்வளவு?

விஞ்ஞானக் கதைகளுக்கான இவ்வகை விருதுகளில் புகழ் பெற்றது ஹ்யூகோ. 1953இல் தொடங்கியது. உலக விஞ்ஞானக் கதை மாநாட்டில் கட்டணம் செலுத்திச் சேர்ந்த உறுப்பினர்களே வாக்காளர்கள். இறுதிச் சுற்றில், நம் குடியரசுத் தலைவர் தேர்தலைப் போல, 1, 2, 3 என விருப்ப வரிசை குறிப்பர். ‘எதற்கும் விருது வேண்டாம்’ என்றும் குறிக்கலாம்.

தீர்ப்புகள் எப்படி? 1966இல் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’, ரோஜர் ஜெலாஸ்னியின் நாவலுடன் விருதைப் பகிர்ந்துகொண்டது. 1970இல் உர்சுலா லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ வென்றது. எழுத்தாளர்கள் வாக்களிக்கும் நெபுலா விருதும் ‘டியூ’னுக்கும் லெ குவினின் நாவலுக்கும் கிடைத்தது. இரண்டும் இன்றும் படிக்கப்படுகின்றன. ஆனால் 1955இல் வென்ற ‘தே வுட் ராதர் பி ரைட்’ நாவலை, ஹ்யூகோ பெற்றவற்றுள் மிகப் பலவீனமானது என்று விமரிசகர் பலர் கூறுவர்.

அன்றைய முறையிலும் ஓட்டை இருந்தது. முதற்கட்டத்தில் ஆயிரம் பேர் நூறு நூல்களை முன்மொழிந்தால், நூலுக்குச் சராசரி பத்து வாக்கு. ஐம்பது பேர் ஒரே பட்டியலை முன்மொழிந்தால் அதுவே முந்தும்! 2015இல் இப்படித்தான் சில குழுக்கள் பட்டியலை நிரப்பின. வாசகர்கள் 5 பிரிவுகளில் ‘விருது வேண்டாம்’ என்றனர். அவ்வாண்டு நாவல் விருது பெற்றவர் சீனாவின் லியு சிஷின். வேறொருவர் தாமே விலகிக்கொண்டதால்தான் அவர் நூலுக்கு இறுதிப் பட்டியலில் இடமே கிடைத்தது. 2023இல் செங்டு மாநாட்டில், போதிய முன்மொழிவுகள் இருந்தும், குவாங்கின் ‘பேபல்’ காரணம் கூறாமலே நீக்கப்பட்டது. பிழை வாக்காளருடையதன்று, நடத்தியவர்களுடையது.

தமிழில் ஹ்யூகோ போல் நிலைத்த விருது உருவாகவில்லை. மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்காற்றிய சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை வாழவைத்தது வாக்குப்பெட்டி அன்று, திரும்பத் திரும்பப் படித்த வாசகர்களே.

நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில், கைக்காசுக்கு ஒரே நூல் வாங்கவல்ல மாணவரே, ‘விருது பெற்றது’ என்ற முத்திரையைப் பரிந்துரையாகக் கொள்க. சான்றிதழாகக் கொள்ள வேண்டாம். முதல் பத்துப் பக்கங்களை நின்றபடியே படித்துப் பாருங்கள். உங்கள் பள்ளி நூலகத்தில் வாக்கெடுப்பு நடத்தினால், போட்டியிலுள்ள எல்லா நூல்களையும் படித்தவருக்கே வாக்கு என விதி செய்யுங்கள். எண்ணிக்கையை எல்லோரும் காண எழுதி ஒட்டுங்கள். அப்போது எடையோடு வெப்பமும் ஓரளவு தெரியவரும்.